தலைச்சோலையில் ஒரு பாட்டுக் கச்சேரி

ஏற்காடு என்றால் நம்மில் பலருக்கும் ஏரி, படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட்... இவ்வளவுதான். காலையில் பஸ் ஏறி, மத்தியானம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, சாயந்தரம் இறங்கி விடுகிறோம். மலையிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் கல்யாணம், திருவிழா, கச்சேரி எல்லாம் உண்டு என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. சேர்வராயன் மலை முழுக்கக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்களாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று தலைச்சோலை. அண்ணாமலையார் கோயில் இருக்கிற ஊர். என் பெரிய நாத்தனார் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரும் அதுதான்.

போன மே மாதம் பக்கத்து ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வரச் சொல்லி அண்ணி ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினார். "சாமி கும்பிட வராட்டியும் போவுது, பாட்டுக் கச்சேரி கேக்கவாவது வா கண்ணு" என்று போனிலும் ஒரு தடவை. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் காலேஜில் படிக்கும் என் மகளுமாகக் கிளம்பினோம்.

சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வயிறு முட்ட சாப்பிட வைத்து பஸ் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். செல்போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், குனிந்து பார்த்தால்தான் குமட்டும். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் நல்லது. கைக்குழந்தைக்குக் காது அடைத்து அழ ஆரம்பித்தால் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விட்டுவிடும்.

மலை ஏறுவதற்கு முன்னாலேயே, ஏற்காடு ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறது பாருங்கள். டி.ஆர். சுந்தரம் 1930-களில் ஆரம்பித்த ஸ்டூடியோ. நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள். தமிழின் முதல் முழு நீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இவர்கள் எடுத்ததுதான். இப்போது அந்த வளைவு மட்டும்தான் மிச்சம். ஒன்றுக்காகத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன். 1950-ல் இவர்கள் எடுத்த 'மந்திரி குமாரி'யில், வில்லன் தன் மனைவியை ஆசை வார்த்தை சொல்லி மலை உச்சிக்கு அழைத்துப் போகிற பாட்டு ஒன்று வருமே, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது... அந்தப் பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போகப் போக வெயில் தணிந்து, ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்து வாசனை வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தாராம். இப்போது எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக் மரம், அதன் மேல் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. நடு நடுவே பலா மரம். மே மாதம் என்பதால் அடியிலிருந்து நுனி வரை காய்த்துத் தொங்கியது.

அண்ணி வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் திண்ணையில் ஒரு சபையே கூடிவிட்டது. அண்ணி, பக்கத்து வீட்டு அம்மாள், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அவள் மருமகள், எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. ராத்திரி என்னென்ன பாட்டு பாடுவார்கள்?

எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இன்னும் நாலு மணி நேரத்தில் கேட்கத்தானே போகிறோம்! ஆனால் அவர்கள் விளையாட்டாகப் பேசவில்லை. கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே வரிசையாக எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத அம்மாளுக்கு மருமகள் எழுதிக் கொடுக்கிறாள். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு நாளைக்கு அறுக்கப் போகிற பலாவில் முதல் சுளைத் தட்டு. காசு வைத்து ஆடக் கூடாது என்பது அண்ணியின் சட்டம்.

அண்ணி எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "ஏழு மணின்னு நோட்டீசுல போட்டிருக்கா? ஏழரைக்குத்தான் ஆரம்பிப்பான். பத்து மணிக்கு மைக்கை நிறுத்திடணும், போலீசு வந்து நிக்கும். நடுவுல பொன்னாடை போத்துறதுக்கே அஞ்சு பாட்டு போயிடும். ஆக, இருபத்திரண்டு பாட்டுக்கு மேல எழுதாத."

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது பொதுவான சட்டம். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. அது ஒரு பக்கம் நல்லதுதான், குழந்தைகள் தூங்க வேண்டாமா? ஆனால் விடிய விடியக் கச்சேரி கேட்டுப் பழகிய ஊர்களில் பாட்டு வரிசையையே இந்தப் பத்து மணி மாற்றிவிட்டதாம். முன்பெல்லாம் பழைய பாட்டுகளை நடு ராத்திரிக்கு மேல், சின்னப் பையன்கள் தூங்கிப் போன பிறகு பாடுவார்கள். இப்போது அந்த நேரமே இல்லை. பழைய பாட்டுக்கு ரெண்டோ மூணோ இடம்தான் கிடைக்கிறது.

முதல் பாட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பிள்ளையார் பாட்டு ஒன்று, உடனே எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்று. மாரியம்மன் பண்டிகையில் அதை விட்டால் ஊர்க்காரர்கள் மேடையை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். பிறகு எம்.ஜி.ஆர். பாட்டு வந்தால் சிவாஜி பாட்டு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் முகம் கோணும். எஸ்.பி.பி. 2020 செப்டம்பர் 25-ம் தேதி காலமான பிறகு, அவருக்காக ஒரு பாட்டு என்று தனியே சொல்லிவிட்டுப் பாடுகிறார்கள். அது எது என்பதில்தான் போட்டி. கடைசிப் பாட்டு ஆட்டப் பாட்டு. நடுவில் இருக்கிற பதினைந்துக்குத்தான் இத்தனை தலையை உடைத்துக்கொள்வது.

என் மகள் செல்போனை எடுத்துக்கொண்டு, "அத்தை, இதே கோஷ்டி நேத்து ஆத்தூர்ப் பக்கம் பாடியிருக்காங்க. அங்க இருக்கிற ஃப்ரெண்டு கிட்ட கேட்டா மொத்த வரிசையும் சொல்லிடுவா. கேக்கட்டுமா?" என்றாள்.

"கேக்காத!" என்றார் அண்ணி, அடுப்பங்கரைக்கே கேட்கிற மாதிரி. "நாளைக்கு என்ன குழம்புன்னு இன்னிக்கே தெரிஞ்சிட்டா உக்காந்து சாப்பிடறவனுக்கு என்ன ருசி?"

கைக்குழந்தைக்காரி மெதுவாக, "எனக்கு மட்டும் சொல்லுக்கா" என்றாள். "அந்தப் பாட்டு எட்டு மணிக்குள்ள வருதுன்னா உக்காருவேன். ஒன்பதுக்கு மேலன்னா இவனைத் தூக்கிட்டுப் பனியில உக்கார முடியாது. மாமாவும் ஏசுவாங்க."

இது நியாயம்தானே? கையை வீசிக்கொண்டு போகிற ஆண்களுக்கு எப்போது வந்தாலும் சரி. தொட்டிலையும் அடுப்பையும் விட்டு வருகிறவளுக்கு எந்த நேரத்தில் எது என்று தெரிந்தால் சௌகரியம். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், ரகசியமாகக் கேட்டு அவளுக்கு மட்டும் சொல் என்று விட்டுக் கொடுத்தார். என் மகள் அவள் காதில் என்னவோ சொன்னாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஜாடையிலேயே பாதி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்!

இந்த ஊகப் பைத்தியம் நமக்கு மட்டும் இல்லையாம். மகள்தான் சொன்னாள். அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு ராக் இசைக் கோஷ்டி. 1965 முதல் 1995 வரை முப்பது வருஷத்தில் 2,300 கச்சேரிக்கு மேல் நடத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் பாடிய வரிசையை மறுநாள் பாட மாட்டார்கள். அதனாலேயே ரசிகர்கள் வேனில் பாயைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பின்னாலேயே போவார்களாம். இன்றைக்கு எதில் ஆரம்பிப்பார்கள், ரொம்ப நாளாகப் பாடாத அந்தப் பாட்டு இன்றைக்காவது வருமா என்று அவர்களுக்குள் ஓயாத தர்க்கம். கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களுக்கென்று 1984-ல் கோஷ்டியே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன பாடினார்கள் என்ற ஜாபிதாவை ரசிகர்கள் தொகுத்து 1987-ல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார்கள்.

நம் கர்நாடக சங்கீதக் கச்சேரி மட்டும் என்னவாம்? வர்ணத்தில் ஆரம்பித்து, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று இன்று நாம் கேட்கிற ஒழுங்கை அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஒழுங்கு தெரியும், அதற்குள் என்ன வரும் என்பது தெரியாது. அதுதான் சுவாரசியமே. துண்டுச் சீட்டு அனுப்புகிற வழக்கம் அங்கேயும் உண்டு. மதுரை மணி ஐயர் கச்சேரி என்றால் அந்த இங்கிலீஷ் நோட்டு எப்போது வரும் என்று காத்திருப்பார்களாம். இளையராஜா கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு முதல் பாட்டில் ஊகமே இல்லை. வழக்கமாக 'தாய் மூகாம்பிகை' படத்தில் அவர் பாடிய அம்மன் பாட்டுதான். இரண்டாவது பாட்டிலிருந்துதான் போட்டி ஆரம்பம்.

எதிர்பார்ப்பு கசந்து போவதும் உண்டு. 2017 ஜூலை 8-ம் தேதி லண்டன் வெம்பிளியில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. இந்திப் பாட்டு கேட்க வந்தவர்களில் சில பேர், தமிழ்ப் பாட்டு அதிகமாகப் பாடிவிட்டார் என்று பாதியிலேயே எழுந்து போனார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடு என்றுகூடக் கேட்டார்கள். அந்தக் கச்சேரிக்குப் பெயரே 'நேற்று இன்று நாளை'! தமிழில் பெயர் வைத்த கச்சேரிக்கு வந்துவிட்டு இப்படி ஒரு கோபம். அண்ணியிடம் சொன்னபோது, "கல்யாண வீட்டுக்குப் போயி எனக்குப் புடிச்ச பொரியல் வைக்கலன்னு எழுந்திரிச்சு வர்றதா?" என்றார்.

நானும் சின்ன வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தவள்தான். அம்மா இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் வைத்துவிட்டு அரிசி களைவாள். ஒரு பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேர்களை வாசிக்கும்போதே அடுத்தது சுசீலாவா ஜானகியா என்று எனக்கும் அம்மாவுக்கும் பந்தயம். அதனால் எனக்கும் ஒரு நாட்காட்டித் தாள் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

அண்ணி எழுதி முடித்ததைப் பார்த்தேன். இருபத்திரண்டில் பதினேழாவது இடத்தில், மந்திரி குமாரியின் அந்த மலைப் பாட்டு!

சிரிப்பு வந்தது எனக்கு. இந்தக் காலத்துக் கோஷ்டி 1950-ம் வருஷப் பாட்டைப் பாடுமா? எதிர் வீட்டுப் பெண்கள், "ஒவ்வொரு வருஷமும் இதை எழுதித்தான் மாமி தோக்கறாங்க" என்று கேலி செய்தார்கள். அண்ணி அசையவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணம் முடிந்து அண்ணியை முதன் முதலில் மலைக்கு அழைத்து வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து வழியே மாமா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே முன்னால் நடந்தாராம். அண்ணி அதுவரை அந்தப் படம் பார்த்ததில்லை. எவ்வளவு அன்பாகப் பாடுகிறார் என்று பூரித்துப் போய் பின்னாலேயே போயிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்துச் சேலத்துக் கொட்டகையில் படம் பார்த்தால்... அழைத்துப் போகிறவன் பெண்டாட்டியை மலையிலிருந்து தள்ளிவிட அல்லவா அழைத்துப் போகிறான்! "கொட்டாயிலேயே திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தேன் பாரு" என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் வீடு கொல்லென்று சிரிக்கும். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். மாமா போய் மூன்று வருஷமாகிறது. அதிலிருந்து அண்ணி ரேஷன் கடை, ஆஸ்பத்திரி தவிர மலையை விட்டு இறங்கியதில்லை. சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்குக்கூட வரவில்லை.

கச்சேரி இடத்துக்கு ஜீப்பில் போனோம். மத்தியானம் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்ததால் மேடை விளக்கைச் சுற்றிப் பனிமூட்டம் புகை போல் நின்றது. மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள், ராத்திரியில் காது ஜில்லிட்டுப் போகும். தபேலாக்காரர் பாடுதான் பெரிய பாடு. ஈரக் காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடுகிறது என்று விளக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சுவதும் தட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். அது சரியாகிற வரை தபேலா வேண்டாத பாட்டாகத்தான் பாடுவார்கள் என்று அண்ணி ஊகித்தார். அப்படியே நடந்தது! இரண்டு பாட்டுக்குப் பேடு வாத்தியத்தை வைத்தே சமாளித்தார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில், கயிற்றுக்கு அந்தண்டை, மோட்டார் சைக்கிளில் வந்த நாலு பையன்கள். இந்தக் கோஷ்டி எங்கே பாடினாலும் பின்னாலேயே போகிறவர்களாம். அவர்களில் ஒருவன் கையில் ஒரு நோட்டு. பங்குனியிலிருந்து இதுவரை போன ஊர், தேதி, பாட்டு எல்லாம் எழுதி வைத்திருக்கிறான். எந்தப் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் எந்த மேல் ஸ்தாயிப் பாட்டு இன்று வராது என்பது வரை அவனுக்கு அத்துப்படி. படிப்பிலே இந்தக் கருத்து இருந்தால் கலெக்டராகியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரைக்குக் கைக்குழந்தைக்காரியின் பாட்டு வந்தது. கேட்டுவிட்டுக் குழந்தையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

துண்டுச் சீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் மேடைக்கு முன்னால் உட்காருகிறார்கள். சீட்டோடு ஐம்பதோ நூறோ சேர்த்து நீட்டினால் அறிவிப்பாளர் பேரை வாசித்துப் பாட்டும் போட்டுவிடுகிறார். பெண்கள் உட்காரும் இடம் ஓரமாக, பாயில். அங்கிருந்து சீட்டு போவதென்றால் நாலு கை மாறிப் போக வேண்டும். எந்தக் கையில் நின்று போகிறதோ! அண்ணி ஒவ்வொரு வருஷமும் பந்தயத்தில் எழுதுவாரே தவிர, ஒரு தடவைகூடச் சீட்டு அனுப்பியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் கொண்டு போறேன் அத்தை" என்று என் மகள் எழுந்தாள்.

"பேரு போடாத. தலைச்சோலைன்னு ஊர் பேரை மட்டும் போடு" என்றார் அண்ணி.

மகள் கயிற்றைத் தாண்டிப் போய், கீபோர்டு வாசிப்பவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு பாட்டு போயிற்று, இன்னொன்று போயிற்று. ஒன்பதரைக்கு மேல் பொன்னாடை. அண்ணி முழங்காலைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்தபடியே இருந்தார். மணி ஒன்பது ஐம்பது. "தலைச்சோலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, ரொம்பப் பழைய பாட்டு" என்று அறிவிப்பாளர் சொன்னதும் என் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கோஷ்டியிலேயே வயதானவர், அதுவரை கூட்டத்தோடு குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர், முன்னால் வந்தார். லோகநாதன் குரல் இல்லைதான். ஆனாலும் அந்தப் பனியில், அந்த மலையில், அந்த மெட்டு எழுந்தபோது என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஜிக்கியின் இடம் வந்தபோது கோஷ்டிப் பெண் கையை விரித்தாள். அவளுக்குத் தெரியவில்லை. பெண் குரல் வர வேண்டிய இடத்தில் கீபோர்டு மட்டும் வாசித்தது. அண்ணியின் உதடு மட்டும் அசைந்தது. ஒரு சரணத்தோடு நிறுத்தி, ஓர் ஆட்டப் பாட்டைப் பாதி பாடி, மணி பத்து என்று விளக்கை அணைத்தார்கள்.

ஜீப்புக்குக் காத்திருக்கும்போது கணக்குப் பார்த்தோம். அண்ணிக்கு பதினாலு, மகளுக்குப் பதினொன்று (ஆத்தூர் வரிசையைக் கேட்டும்!), எனக்கு ஆறு. நோட்டுப் பையன் தனக்குப் பதினேழு என்றான். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அம்மா, நீங்கதானே அந்தச் சீட்டு அனுப்புனது? அது எந்தப் படமுங்க? என் நோட்டுலயே இல்ல. இந்தக் கோஷ்டி இதுவரைக்கும் பாடுனதே இல்லீங்க."

அண்ணிக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! சேனாபதியாக எம்.ஜி.ஆர்., ராஜகுருவின் மகனான அந்த வில்லன், அவனுக்கு வாழ்க்கைப்பட்ட மந்திரி மகள் என்று ஜீப் வெளிச்சத்தில் நின்று முழுக் கதையும் சொன்னார். உச்சிக்குப் போனதும் தன்னைத் தள்ளப் போகிறான் என்று தெரிந்துகொண்டவள், சாகிறதுக்கு முன்னால் உங்களை மூணு சுற்று சுற்றிக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சுற்றி வந்து, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிட்ட இடத்தில் அண்ணி கையை வீசிய வேகத்தில் நோட்டுப் பையன் ஒரு அடி பின்னால் போனான்.

"பொம்பளைக் குரல் இல்லாம அந்தப் பாட்டு என்ன பாட்டு? தள்ளி விடறவளையே காணோமே!" என்றார்.

பையன் நோட்டை என் மகளின் செல்போன் வெளிச்சத்தில் பிரித்து எழுதிக்கொண்டான். வருஷம் கேட்டான், 1950 என்றேன். பாடினவர் பேரைக் கேட்டு ஜிக்கி என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டான். பிறகு, "நாளன்னிக்கு வாழப்பாடிப் பக்கம் இவங்க கச்சேரி இருக்குங்க. அந்த அக்கா கிட்ட சொல்றேன். ரெண்டு நாள்ல கத்துக்க மாட்டாங்களா?" என்றான்.

"சொல்லிப் பாரு தம்பி."

ஜீப் கிளம்பித் தலைச்சோலைத் திருப்பம் வரை அண்ணி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டிரைவரின் தோளைத் தட்டிக் கேட்டார்.

"ஏம்ப்பா, வாழப்பாடிக்கு இங்கிருந்து எத்தனை மணிக்கு பஸ்சு?"